தர்காவுக்குள் டாக்டர் வந்த மாதிரி

பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை 16 நாள் பிரச்சாரம், 1991லிருந்து உலகம் முழுக்க நடக்கிறது. இந்தத் தடவை எங்கள் ராமநாதபுரம் கடற்கரையிலும், மூன்று மதத்தாரின் கூட்டணி என்று பெயர் வைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். பங்குத்தந்தை, ஜமாத் தலைவர், கோயில் டிரஸ்டி மூவரும் ஒரே மேடையில். புயல் அடித்தால், நம் ஆட்கள் இலங்கை சிறையில் மாட்டினால் இப்படிச் சேர்ந்து உட்காருவார்கள். வீட்டுக்குள் அடி வாங்குகிறவளுக்காக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதனால் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் மேடை முழுக்க ஆண்கள். இருபது வருஷமாக வீடு வீடாகப் போய் இந்த வேலையைப் பார்க்கும் கன்னியாஸ்திரி சிஸ்டருக்கு நன்றியுரை. அதுவும் பொன்னாடைகள் எல்லாம் முடிந்த பிறகு, "சீக்கிரம் முடிச்சிருங்க சிஸ்டர்" என்ற வேண்டுகோளோடு.

சாமி, சர்ச், பள்ளிவாசல் எல்லாம் இந்த விஷயத்தில் எதற்கு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். அடி வாங்கியவள் நேராக மகளிர் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. அம்மா வீட்டுக்குப் போவாள். அப்புறம் ஃபாதரிடம், இல்லையென்றால் ஜமாத்துக்கு, இல்லையென்றால் ஊர்க் கூட்டத்துக்கு. போலீஸ் கடைசி. முதலில் தட்டுகிற கதவு அதுதான் என்றால், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்றுதானே பார்க்க வேண்டும்?

நடப்பது சமரசம். "ரெண்டு பிள்ளை இருக்கும்மா, பொறுத்துப் போ." ஒருத்தன் பைபிள் மேல் கை வைப்பான், ஒருத்தன் அல்லா மேல் ஆணையாக என்பான், ஒருத்தன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வான். மூன்று பேரும் அவரவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அங்கே என்ன ஆகும் என்று சத்தியம் வாங்கியவர்களுக்கும் தெரியும். பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். பாறை கிழிக்காமலிருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவார். ஒரு நாள் முழங்கைக்கு மேலே நாலு விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருந்தது. கேட்டால், "பார்ல இடிச்சிருச்சு." பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. அதற்கு ஏது விரல்? பக்கத்திலிருந்த யாரும் எதுவும் கேட்கவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். வாய் திறந்து சொன்னவர்கள் மட்டும் அவ்வளவு பேர்.

2022 மே மாதம் ராமேஸ்வரம் பக்கம் பாசி எடுக்கப் போன பெண் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். இறால் பண்ணையில் வேலை செய்த வெளிமாநிலத்தார் கைதானார்கள். ஊரே சாலையில் உட்கார்ந்தது. உட்கார வேண்டியதுதான், நியாயம். ஆனால் செய்தவன் உள்ளூர்க்காரனாகவோ, புருஷனாகவோ, நம் சாதி சனமாகவோ இருக்கும்போது சாலை காலியாகத்தானே இருக்கிறது.

புனிதக் கதைகளையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். ஓரியூரில் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டப்பட்ட கதை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கிறிஸ்தவரான தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதி வீட்டுப் பெண். அவள் போய் முறையிட்டதில் ஆரம்பித்ததுதான் அவ்வளவும். பிரசங்கங்களில் அவள் வில்லி. விலக்கப்பட்டவர்கள் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்கும் ஒரு பிரசங்கத்தை நான் இன்னும் கேட்டதில்லை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில், சீதையைத் தீண்டிய பாவம் போக அக்னியே குளித்தான் என்பார்கள். தீக்கே அந்தக் குற்ற உணர்ச்சி இருந்திருக்கிறது, தீயில் இறங்கச் சொன்ன ஊருக்கு இல்லை. (இதற்கு யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.)

சரி, என்ன செய்யலாம்? நாம் பார்க்க வேண்டியது, மனநோயாளிகளைக் குணம் தேடிக் கூட்டிப் போகும் தர்கா இருக்கிற ஏர்வாடியை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு, நாளாவட்டத்தில் தர்கா வளாகத்துக்குள்ளேயே அரசு மனநல சிகிச்சை வந்தது. துவாவும் ஓதலாம், மருந்தும் வாங்கலாம். ஓதிப் பார்க்கிறவரை யாரும் டாக்டராக மாறச் சொல்லவில்லை. டாக்டரிடம் அனுப்பி வைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அதையே இதற்கும் கேட்கிறேன். ஹஜ்ரத்தும் ஃபாதரும் பூசாரியும் தீர்ப்பு சொல்ல வேண்டாம். 2005ஆம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி, வன்முறை நடப்பது தெரிந்தவர் யார் வேண்டுமானாலும், இதற்கென அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. 10ஆவது பிரிவில், பதிவு செய்த தொண்டு அமைப்பு சேவை வழங்குபவராகவே அரசிடம் பதிந்துகொண்டு, அவள் விரும்பினால் நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம், மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகலாம். கூட்டணி என்று பெயர் வைத்தவர்கள் இதைச் செய்யட்டுமே. ராமேஸ்வரத்திலிருந்து மாவட்டத் தலைநகர் ராமநாதபுரத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் தனியாக அலைய வேண்டாம். மாதம் ஒரு நாள் பாதுகாப்பு அலுவலர் பங்கு அலுவலகத்திலோ ஜமாத் அலுவலகத்திலோ வந்து உட்கார்ந்தால் போதும்.

தலைமைக்கு ஆள் தேடவும் வேண்டாம். அன்பியக் கூட்டத்துக்கு (சர்ச்சின் அக்கம்பக்க ஜெபக் குழு) வீடு வீடாகப் போகிறவளுக்கு எந்த வீட்டில் எப்போது சத்தம் கேட்கும் என்று தெரியும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பெண்களுக்கான நிஸ்வான் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம், ஹஜ்ரத்திடம் சொல்லாததைப் பெண்கள் சொல்வார்கள். முளைப்பாரி போடும் வீட்டில் இரவு கும்மி முடிந்த பிறகு பேசப்படுவதில் பாதி இதுதான். பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டையில் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஷரிஃபா கானம் பெண்களுக்கென்றே ஜமாத் கூட்டிக் காட்டினார். வசவு எவ்வளவு வந்தது, ஆனாலும் பெண்கள் மனுவோடு வந்தார்கள். லண்டனில் 2011இல் சர்ச்சுகளும் கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகளும் 'வீ வில் ஸ்பீக் அவுட்' என்ற கூட்டணியைத் தொடங்கியபோதும், இவ்வளவு நாள் வாய்மூடி இருந்தோம் என்று சர்ச் தரப்பே ஒப்புக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். எங்கள் மேடையில் அந்த வாக்கியத்தைத்தான் எதிர்பார்த்தேன். வந்தது, "நம் மதத்தில் பெண்ணுக்கு உயர்ந்த இடம்." மூன்று பேரும் தலைக்கு ஒரு தடவை சொன்னார்கள்.

இன்னொரு கேள்வியும் மேடையில் வரவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் கமிட்டி ஆளாகவோ, அங்கி போட்டவராகவோ இருந்தால்? அவரை முதல் நாளே பொறுப்பிலிருந்து இறக்குவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடாத கூட்டணியில் எனக்கு நம்பிக்கை வராது. குழந்தை சம்பந்தப்பட்டதென்றால் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்ஸோ சட்டத்தில் புகார் கொடுப்பது கட்டாயம், உள்ளுக்குள் விசாரித்து இடமாற்றம் போடுகிற வேலையே கிடையாது.

அடுத்த கூட்டத்தை அடுத்த நவம்பருக்குத் தள்ளாதீர்கள். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், 61 நாள். வருமானம் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், டாஸ்மாக் திறந்திருக்கும். அதற்குள் பெண்கள் உதவி எண் 181ஐயும் பாதுகாப்பு அலுவலர் எண்ணையும் நிக்காஹ் பதிவு வாங்க வருகிறவர்களுக்கும், திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு வருகிற ஜோடிகளுக்கும் அச்சடித்துக் கொடுங்கள், கோயில் மண்டபச் சுவரிலும் எழுதி வையுங்கள். பெயிண்ட் செலவு நான் தருகிறேன். அப்புறம், அந்தக் கூட்டத்தில் சிஸ்டர் முதலில் பேசட்டும், நன்றியுரையை டிரஸ்டி பார்த்துக்கொள்வார்.