ஐந்து வருடம் ஆனதற்காகவே கழற்ற வேண்டாம்

ஐந்து வருடம் தாண்டிய ஸ்மார்ட் சுவிட்சுகளை மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்று கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் 2018இல் போட்ட ஒன்பதில் இரண்டுதான் போயின. ஒன்றில் மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டு விளக்கு அணையவே இல்லை (எல்இடி விளக்கு போடும் நொடியில் மின்னோட்டத்தைச் சட்டென்று அதிகமாக இழுக்கும், நாளடைவில் ரிலே முனைகள் சுட்டு ஒட்டிக்கொள்ளும்), இன்னொன்றில் கெப்பாசிட்டர் சூட்டில் உலர்ந்துபோய் வைஃபை இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. அந்த இரண்டை மட்டும் மாற்றினேன், மற்றவை இன்றும் ஓடுகின்றன.

வயதைவிட முக்கியம், கம்பெனி சர்வர் இல்லாமல் அது வேலை செய்யுமா என்பதுதான். அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் சுவிட்ச் கம்பெனி 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை நிறுத்தியபோது நல்ல நிலையில் இருந்த சுவிட்சுகள்கூட ஆப்புக்குக் கட்டுப்படாமல் போயின. ரூட்டரிலிருந்து இணைய வயரை மட்டும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், ஆப்பில் தொட்டதும் விளக்கு எரிந்தால் சர்வர் இல்லாமலே ஓடுகிறது, மாற்ற அவசரமே இல்லை.

அப்புறம், மாற்றுவதென்றால் போர்டில் நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர், பல ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு இது வேண்டும்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் பிளக் பாயிண்ட் சேர்ந்த போர்டு என்றால் பெரும்பாலும் வந்திருக்கும், தனி சுவிட்ச் மட்டும் உள்ள இடத்தில்தான் சிக்கல். புதிதாக வாங்குவது மேட்டர் (Matter, பல கம்பெனிகளின் ஸ்மார்ட் சாதனங்களுக்குமான பொதுத் தரநிலை) வகையாக இருந்தால் நல்லது, அது வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்ளும். கருகிய வாசனையோ பிளாஸ்டிக்கில் பழுப்போ கண்டால் மட்டும் யோசிக்காமல் எம்சிபியை (அந்த லைனின் பிரேக்கர் சுவிட்சை) இறக்கிவிட்டு அன்றே ஆளைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லுங்கள்.