சவாரி முடிந்த பிறகு அந்தக் குதிரை எங்கே நிற்கிறது?

மெரினாவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடும் குதிரையைப் பார்த்து எல்லோரும் பரிதாபப்படுகிறோம். என் கவலை வேறு. ஓட்டம் முடிந்து மிச்ச நேரமெல்லாம் தெருவோரம் கட்டிக் கிடக்கிறதே, அதில்தான் அது அதிகம் வதைபடுகிறது.

போன வாரம் திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு சந்தில் பார்த்தேன். செம்பட்டை நிறப் பெண் குதிரை. மின்கம்பத்தில் ஒரு முழம், ஒன்றரை முழம் நைலான் கயிறு. முன்னங்காலில் கயிறு அறுத்த இடத்தில் முடி உதிர்ந்து, தோல் சிவந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. காலடியில் சாணமும் மூத்திரமும் கலந்த சேறு. அப்படியே நாள் கணக்கில் நின்றால் குளம்பின் அடி அழுகும். பக்கத்தில் ஒரு பெயிண்ட் வாளி, காய்ந்து கிடந்தது.

குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். சென்னை வெயிலுக்கு இன்னும் கூடும். உடம்பு பெரிதே தவிர இரைப்பை சின்னது. நாளில் பாதிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கப் பிறந்த ஜீவன் அது. மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு நிறுத்தினால் வயிற்றில் புண் வரும். நின்றுகொண்டே தூங்கும் என்பது உண்மைதான், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு அதுவும் படுத்தாக வேண்டும். ஒரு முழக் கயிற்றில் எப்படிப் படுக்கும்?

குதிரைக்காரர்களைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மாப்பிள்ளை ஊர்வலமும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரைக்கு ஆள் வராது. வருமானம் நின்றாலும் குதிரைக்குப் பசி நிற்காது. கொள்ளும் புல்லும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். குடியிருக்கவே பத்துக்குப் பத்து அறை வைத்திருப்பவர் லாயத்துக்கு எங்கே போவார்? அதற்காகக் காலில் புண்ணோடு விட்டுவைப்பதை ஏற்க முடியாது. கயிற்றை நீளமாகக் கட்டவும் வாளியை நிரப்பவும் பெரிய செலவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், அளவுக்கு மீறிக் குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பதையும் போதுமான தீனி, தண்ணீர், நிழல் தராததையும் குற்றம் என்றே சொல்கிறது. தண்டனையைப் பாருங்கள்: முதல் தடவை 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அதே தொகை! இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிடக் கூட ஆகிறது. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கு 1965இல் வந்த விதிகளில் வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்று இருக்கிறது. வேலை வாங்காமல் அதே வெயிலில் தார் ரோட்டோரம் கட்டிப்போட்டால் யார் கேட்பது?

தெருவில் திரியும் மாடுகளுக்காக மாநகராட்சி பொதுத் தொழுவங்கள் கட்டத் தொடங்கியிருக்கிறது. நல்ல காரியம். கடற்கரையை ஒட்டிக் குதிரைகளுக்கும் அப்படி ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. மேலே கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் பார்க்க ஆள், அவ்வப்போது வந்து போக ஒரு கால்நடை மருத்துவர். குறைந்த வாடகை வைத்தால் குதிரைக்காரர்களே வருவார்கள். பிடித்துக்கொண்டு போவதால் மட்டும் தீராது. பிழைப்பு போனவர் இன்னொரு குதிரையைக் கடன் வாங்கியாவது கொண்டுவந்து அதே கம்பத்தில் கட்டுவார்.

அதுவரை நாம் செய்யக்கூடியது: உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாளியில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். இரக்கப்பட்டு மிச்சச் சோறு, பழைய பிரெட், பிஸ்கட் மட்டும் போடாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, ஒத்துக்கொள்ளாத தீனி உள்ளேயே தங்கி உயிருக்கே உலை வைக்கும். குதிரை தன் வயிற்றையே உதைத்துக்கொண்டாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, கீழே விழுந்து புரண்டாலோ அது கடுமையான வயிற்றுவலி. சில மணி நேரத்தில் செத்துவிடலாம். அப்போது கைவைத்தியம் எதுவும் வேண்டாம், தீனியை எடுத்துவிட்டு, உரிமையாளரைத் தேடிப் பிடித்து, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோகச் சொல்லுங்கள். வண்டி பிடிக்க அவரிடம் காசு இல்லையென்றால் தெருவில் நாலு பேர் சேர்ந்து போடுங்கள்.