25,000 டொலர் வடை

சனிக்கிழமை ஒரு மேடையில ஒரு தம்பி மைக்கைப் பிடிச்சுச் சொன்னதை வீடியோவில பாத்திருப்பீங்கள். கிழடுகள் வடை தின்னக் கனடா அரசாங்கம் 25,000 டொலர் குடுக்குதாம். மண்டபமே சிரிச்சுது. மூண்டாம் வரிசையில இருந்த என்ர அம்மாவும் சிரிச்சா. அவ சிரிச்சதுதான் எனக்குப் பொறுக்கேல்ல.

சரி, ஆறுதலாவே கதைப்பம். முதியோருக்கான திட்டங்களுக்குக் கனடா அரசாங்கம் குடுக்கிற நியூ ஹொறைசன்ஸ் ஃபோர் சீனியர்ஸ் எண்ட நிதியில ஒரு சமூகத் திட்டத்துக்குக் கிடைக்கக்கூடிய ஆகக்கூடின தொகைதான் அந்த 25,000. முதியவர்கள் தொண்டு செய்ய வழி பண்ணுறது அந்தத் திட்டத்தின்ர நோக்கங்களில ஒண்டு. இது நான் கண்டுபிடிச்சதில்லை, விண்ணப்பத்திலயே கிடக்கு. மேடையேற முதல் வாசிச்சிருக்கலாம்.

அம்மாவின்ர முதியோர் குழுவும் அந்தக் காசிலதான் நடக்குது. ஆனா அவவின்ர கைக்கு அதில ஒரு சதமும் வாறேல்ல. அவ அங்க செய்யிற தொண்டு இனாம். ஆனா அவ இருந்து செய்யிற அறை இனாமில்லை. ரொறொன்ரோவில, அதுவும் ஸ்காபரோவில வாடகை என்னெண்டு தெரியாத ஆக்கள்போலச் சிரிக்கிறீங்கள்.

வியாழக்கிழமைகளில அம்மாவும் இன்னும் ஆறு பேரும் அங்க இருந்து, தனிய இருக்கிற வயசானவைக்குப் ஃபோன் எடுக்கிறவை. சாப்பிட்டனீங்களோ, குளிசை போட்டனீங்களோ, ஐஸ் கொட்டியிருக்கு வெளிய இறங்காதேங்கோ. இவ்வளவுதான். கோப்பாய்ப் பக்கத்து ஐயா ஒருத்தர், ஒவ்வொரு கிழமையும் தன்ர வளவில நிண்ட கறுத்தக்கொழும்பான் மாமரத்தைப் பற்றி மட்டும்தான் கதைப்பாராம். அம்மா நாப்பது நிமிஷம் கேப்பா. எனக்கு அம்மா மாமரக் கதை சொன்னா நாலாவது நிமிஷம் ஃபோனை நோண்டத் தொடங்கீடுவன்.

இதுக்குச் சேர முதல் குற்றப் பதிவு ஒண்டும் இல்லையெண்டு பொலிஸ் செக் எடுக்கவேணுமெண்டாங்கள். அம்மாவுக்குக் கை நடுங்கிச்சுது. பொலிஸ் பேரைக் கேட்டா எங்கட சனத்துக்கு ஏன் நடுங்கும் எண்டு நான் விளக்கத் தேவையில்லை. அப்பிடியிருந்தும் போய்க் கையெழுத்து வைச்சா. வடைக்காகவோ?

இப்ப வருவீங்கள், "ஊரில கோயில்ல சும்மாதானே தொண்டு செய்தனாங்கள், அரசாங்கக் காசு கேட்டனாங்களோ" எண்டு. ஊரில கோயில் அடுத்த ஒழுங்கையில இருந்துது. இங்க ரெண்டு பஸ் மாறவேணும், சனவரியில.

"கணக்கில சுத்தின சங்கங்களும் இருக்கு." இருக்கலாம். சுத்தினவையைப் பிடியுங்கோ. இதுக்கு மேல அதைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்லை.

ஒண்டு கேக்கிறன். ஒன்ராறியோவில ஹைஸ்கூல் முடிக்கப் பிள்ளையளுக்கு 40 மணித்தியாலம் தொண்டு கட்டாயம். என்ர மகன் அதை அம்மம்மாவின்ர குழுவில கதிரை அடுக்கித்தான் முடிச்சவன். ஆளுக்குக் கையெழுத்தும் கிடைச்சுது, கைதட்டும் கிடைச்சுது. அவனை எட்டு வருஷம் தூக்கி வளத்ததுக்கு அம்மாவுக்கு ஆர் கையெழுத்துப் போட்டது? பிள்ளையள் ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்கு வந்த தாய்தேப்பனுக்கு முதல் பத்து வருஷம் ஓய்வூதியம் இல்லை. பஸ் காசுக்கும் என்ர முகத்தைப் பாத்தா. நான் வேலையால வாற வரைக்கும் பேஸ்மென்டில பிள்ளையோட. அதைத் தொண்டு எண்டு அப்ப எனக்கே தெரியேல்ல. "அம்மாவுக்கென்ன, வீட்டில சும்மாதானே இருக்கிறா" எண்டு ஃபோனில சொன்னவள் நான்தான்.

ஓம், எனக்கும் குற்ற உணர்ச்சி இருக்கு. கீழ கொமென்ட்டில வந்து அதைச் சொல்லிக் காட்டப்போற ஆக்களுக்கு முன்கூட்டியே நன்றி.

ஆனா அம்மா வாழ்க்கையில முதல்தரம் தன்ர பேர் எழுதின அட்டையைக் கழுத்தில போட்டது அந்த அறையிலதான். வியாழக்கிழமையெண்டால் விடியவே சாரி மடிச்சு வைச்சிடுவா. அந்த அட்டையும் 25,000க்குள்ளதான் வருது. எழுதி வையுங்கோ, அடுத்த மேடைக்கு உதவும்.

வடையும் இருக்கு, மறைக்கேல்ல. அதை அவையே வீட்டில சுட்டுக்கொண்டு வாறவை. உளுந்து என்ர காசு.

பக்கத்தில இருந்து அம்மா கேக்கிறா, இவ்வளவு நேரமா என்ன தட்டிறாய் எண்டு. சொன்னன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "அந்தத் தம்பியின்ர தாய் போன வருஷம் விழுந்தவவெல்லே, அவவின்ர நம்பர் ஆரிட்டயும் இருக்குமோ" எண்டா.