ஊர்ப் பிள்ளைகள் வயலைப் பற்றிப் பேசினால் அது அரசியலா?

ஞாயிற்றுக்கிழமை நம் மறைமாவட்ட இளையோர் மாநாட்டில் நடந்தது இங்கே பாதிப் பேருக்கு நேரடியாகத் தெரியும், மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள், அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. விதை, தண்ணீர், விளைபொருள் விலை பற்றிப் பிள்ளைகளே தயாரித்து வைத்திருந்த அமர்வை முந்தின நாள் ராத்திரி எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு பற்றி ஒருவரைப் பேச வைத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "இது ஆன்மிக மாநாடு, அரசியல் வேண்டாம்" என்று பதில். அப்புறம் மாநாட்டுப் போட்டோக்களுக்குக் கீழே ஒருவர், அந்தப் பிள்ளைகள் பெயர் சொல்கிற இயக்கத்தைப் பற்றி, "மிஜார்க் மிஜார்க்னு சொல்றாங்களே, அது ஏதோ வெளிநாட்டு என்ஜிஓதானே" என்று எழுத, அதற்கு நம் பங்கு மக்களே வரிசையாக லைக் போட்டிருக்கிறார்கள். அதுதான் என்னை எழுத வைத்தது.

மிஜார்க் என்பது கத்தோலிக்க வேளாண், கிராம இளைஞர் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு. 1954-இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா என்று பல நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளின் இயக்கங்கள் சேர்ந்து நடத்துவது. குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர் நடத்தும், வத்திக்கான் அங்கீகரித்த பன்னாட்டு அமைப்புகளின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. ரோமாபுரிக்குச் சந்தேகம் வரவில்லை, நமக்கு வந்துவிட்டது.

வயலைப் பற்றிப் பேசுவது விசுவாசத்துக்கு வெளியே இல்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். பார்த்தல், ஆராய்தல், செயல்படுதல் என்ற முறையைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வளர்த்தவர் ஒரு குருவானவர், பிற்பாடு கர்தினாலான ஜோசப் கார்டைன். 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் தன் சுற்றுமடலில் அதே முறையைப் பரிந்துரைத்து, இளைஞர்கள் அதைப் பழக வேண்டும் என்றே எழுதினார். அதே மடலில் விவசாயம் ஏன் பின்தங்கிப் போகிறது, ஜனங்கள் ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அவரும் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவர் எழுதியதையும் நிகழ்ச்சி நிரலில் இருந்து எடுத்துவிடுவீர்களா?

எங்கள் ஊர்க் கண்மாய் கதையைச் சொல்கிறேன். நாங்கள் இளைஞர் குழுவில் இருந்த காலத்தில், எங்களை வழிநடத்திய சிஸ்டர் ஒரு நாளும் பிரசங்கம் பண்ணியதில்லை. "போய்ப் பாருங்க, பார்த்ததை எழுதிட்டு வாங்க" என்பார், அவ்வளவுதான். கரை நெடுக நடந்தோம். எந்த மடைக்குப் பலகை இருக்கிறது, எதில் காரை பெயர்ந்து தண்ணீர் கசிகிறது, உள்வாயில் எதுவரை சீமைக்கருவேல் ஏறியிருக்கிறது என்று ஒரு நீளமான கோடு போட்ட நோட்டில் படம் போட்டுக் குறித்தோம். குறித்து முடித்துப் பார்த்தால், தண்ணீரே போய்ச் சேராத வயல்கள் எல்லாம் ஒரே தெருக்காரர்களுடையவை. எந்தத் தெரு என்று உங்களுக்கே தெரியும். தினமும் அந்தக் கரையில் நடந்த எங்களுக்கு அது அதுவரைக்கும் கண்ணில் பட்டதே இல்லை. அன்றைக்கு ராத்திரி, ஏழைகளை நசுக்குகிறவர்களைக் கண்டிக்கிற ஆமோஸ் ஆகமத்தை வாசித்தபோது குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மனு எழுதினோம், அலைந்தோம், ரொம்ப நாள் கழித்து இரண்டு மடை சரியானது. அது ஆன்மிகம் இல்லை என்றால் எது ஆன்மிகம் என்று எனக்குச் சொல்லுங்கள்.

"அப்படியென்றால் நம் ஊர் வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாமே, எதற்குப் பன்னாட்டு இயக்கம்" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு தடவை, மிஜார்க்கில் இருக்கும் ஜெர்மனியின் கத்தோலிக்கக் கிராம இளைஞர் இயக்கத்தில் இருந்து வந்த ஒரு பெண் எங்கள் வீட்டில் தங்கினாள், அவர்களும் பால்மாடு வைத்திருக்கிற குடும்பம். அம்மா பால் கறக்கும்போது பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லிட்டருக்கு என்ன விலை, யார் வைக்கிற விலை என்று கேட்டாள். சொன்னோம். ஐரோப்பாவில் இவ்வளவு பால்தான் உற்பத்தி செய்யலாம் என்று வரம்பு வைத்திருந்த ஒதுக்கீட்டு முறையை 2015-இல் எடுத்த பிறகு அவர்கள் ஊரில் சின்னப் பண்ணைகள் பட்ட பாட்டையும், அவள் அப்பாவும் தன் பாலுக்குத் தானே விலை வைக்க முடியாததையும் அவள் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத என் அம்மா, "அங்கயும் இதே கதைதானா" என்று கேட்டார். எந்தக் கருத்தரங்கிலும் எனக்குக் கிடைக்காத பாடம் அது.

வெளிநாட்டுப் பணம் என்கிறீர்களே, அந்தப் பணம் எப்படிச் சேர்கிறது என்று தெரியுமா? ஜெர்மனியில் அந்த இயக்கத்துப் பிள்ளைகள் அறுவடை நன்றித் திருநாள் அன்று கையளவு ரொட்டிகளைக் குருவானவரிடம் ஆசீர்வதித்து வாங்கி, கோயில் வாசலில் நின்று விற்கிறார்கள். அந்தக் காசில் ஒரு பங்கு மற்ற நாட்டுக் கிராமங்களுக்குப் போகிறது. அதைக் கேவலமாகப் பேசாதீர்கள்.

"வேலை இல்லாத பிள்ளைகளுக்கு வெளிநாட்டு வேலையைப் பற்றிச் சொன்னால் என்ன தப்பு?" தப்பே இல்லை. என் தம்பியும் வளைகுடாவில்தான் இருக்கிறான், அவன் அனுப்பிய காசில்தான் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டோம். போகிறவன் போகட்டும். இருக்கிறவனுக்கு என்ன சொன்னீர்கள்? நிலமே இல்லாமல் கூலிக்குப் போகிற பிள்ளைக்கு என்ன சொன்னீர்கள்? ஊரில் இருப்பது தோற்றுப்போனவன் வேலை என்று மேடை போட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்.

பிரான்சில் 1929-இல் தொடங்கிய கத்தோலிக்க உழவர் இளைஞர் இயக்கத்தில் வளர்ந்த மிஷேல் தபாத்தீஸ், அந்த நாட்டின் பெரிய விவசாயச் சங்கத்துக்கே தலைவரானார். 1960, 1962 வேளாண் சட்டங்களில் அவருடைய தலைமுறையின் குரல் இருந்தது. அவர்களைத் தோரணம் கட்ட மட்டும் கூப்பிட்டிருந்தால் அது நடந்திருக்குமா? தென் அமெரிக்காவில் இருக்கிற பராகுவேயில் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொது வயலும் சொந்தப் பள்ளிக்கூடமும் நடத்திய கிறிஸ்தவ உழவர் சங்கங்களை, 1976-இல் ஸ்ட்ரோஸ்னரின் சர்வாதிகார அரசு சிறையும் சித்திரவதையுமாக நசுக்கியது. அவர்களையும் அன்றைக்கு "அரசியல்" என்றுதான் சொன்னார்கள். இந்த வார்த்தையை எடுப்பதற்கு முன்னால், யார் வாயில் இருந்து வந்த வார்த்தை என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. தேர் தூக்க இளைஞர்கள் வேண்டும், சப்பரத்துக்குச் சீரியல் லைட் கட்ட வேண்டும், பிஷப் வந்தால் வரவேற்பு நடனம் ஆட வேண்டும், அசன விருந்தில் இலை எடுக்க வேண்டும். அவர்களே யோசித்து ஒரு மணி நேரம் பேசுகிறோம் என்றால் மட்டும் மாநாட்டில் நேரம் இல்லை. அந்த அமர்வைத் தயாரித்தவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். களையெடுப்பு முடிந்து வந்து, சாயங்காலம் வீடு வீடாகப் போய் விதை விலை கேட்டு எழுதியவர்கள்.

மறைமாவட்ட இளையோர் குழு அடுத்த முறை கூடும்போது அந்த அமர்வை முதல் நிகழ்ச்சியாக வையுங்கள். பேச வேண்டியது அந்தப் பிள்ளைகள்தான், நான் இல்லை, வேறு எந்தப் பெரியவரும் இல்லை. அதற்கு முன்னால் பொறுப்பில் இருக்கும் யாராவது ஒருவர் அவர்களிடம் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதை எழுதி முடிக்கிற இந்த நேரம் வரைக்கும் யாரும் போகவில்லை, கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.