நாணயம் நகை அல்ல

போன சனிக்கிழமை கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை முதலாளி, ஓர் அம்மா விலை கேட்கக் கொண்டுவந்த பழைய பொற்காசை அரத்தால் வெட்டி உரைகல்லில் தேய்த்ததை நீங்கள் எல்லோரும் படத்தில் பார்த்துவிட்டீர்கள். அதற்கு வந்த கேள்விகளுக்கும் பழிகளுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். அந்த முதலாளியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. உட்பெட்டியில் கேட்பவர்கள் தயவுசெய்து இனிக் கேட்காதீர்கள். நான் கடைக்குள் நுழைந்தபோது அரம் மேசைமேல் கிடந்தது. உரைகல்லில் இரண்டு மஞ்சள் கோடுகள் திராவகத்தின் ஈரத்தோடு மின்னிக்கொண்டிருந்தன. "நல்ல மாற்று, தரமான தங்கம், கிராமுக்கு இவ்வளவு தரலாம்" என்று அவர் கணிப்பானைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, சரிதானே?" என்று கேட்டார். ஐந்து நாளாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நாணயம் நகை அல்ல. நகையை நிறுத்து, உரைத்து, விலை சொல்லலாம். நாணயத்தை முதலில் பார்க்க வேண்டும். பார்த்து முடிக்கும்வரை அரமும் கல்லும் அதன் அருகில் வரக்கூடாது.

என்ன நாசமாயிற்று என்று விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றி மூன்று தலைமுறையாக வைத்திருந்த காசு அது. எடை 4.3 கிராம். ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். அமர்ந்தவரின் அருகே வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாக நாகரி எழுத்துகள். சிங்கள மன்னர்கள் 'ஸ்ரீ லங்கவிபு' என்று எழுதி இந்த வகைப் பொற்காசை வெளியிட்டார்கள். ககவணு என்பார்கள். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராஜராஜன் இலங்கையின் வடபகுதியைப் பிடித்த பிறகு, அதே அமைப்பில், அதே நின்ற உருவத்தோடு, 'ஸ்ரீ ராஜராஜ' என்று தன் பெயரைப் பொறித்தான். உருவத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். எழுத்துதான் சொல்ல வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் வரும் ஈழக்காசு என்ற பெயரைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கதையின் ஒரு துண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் பத்திரமாக இருந்தது.

முதலாளி ஓரத்தில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டார். போதாதென்று எழுத்திருந்த முகத்தையே கல்லில் இழுத்தார். இப்போது மேலே 'ஸ்ரீ' மட்டும் நிற்கிறது. அதன் கீழே பளபளப்பான தேய்மானம். 'ஸ்ரீ' இரண்டு காசுக்கும் பொது. வெள்ளிக்கிழமை இரவு அந்த அம்மாவின் பேரன் எனக்கு அனுப்பிய படம் மங்கலானது. அதில் கீழ் எழுத்தை நான் 'ராஜ' என்று வாசித்தேன். சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால் முடியாது. இனி யாராலும் முடியாது.

"அண்ணா, தங்கம் தங்கம்தானே, நியாயமான விலைதானே சொன்னார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி, உங்கள் வீட்டில் குதிரைப் பவுன், அதாவது குதிரைவீரன் பொறித்த ஆங்கிலப் பொற்காசு, இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1917 என்று இருக்கிறதா? ஆண்டுக்குச் சற்று மேலே தரைக்கோட்டில் 'எஸ்' எழுத்து இருந்தால் அது சிட்னியில் அடித்தது. சேகரிப்பவர்களுக்குச் சாதாரணம். எழுத்தே இல்லையென்றால் லண்டனில் அடித்தது. அது கிடைப்பது மிக அரிது. இரண்டும் 7.98 கிராம், இரண்டும் 22 கரட். தராசுக்கு இரண்டும் ஒன்றே. அந்தப் புள்ளியளவு எழுத்தைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். அதைக் கையில் எடுக்காமல் சொல்லும் விலை எப்படி நியாயமான விலையாகும்?

இன்னொருவர், "உரைக்காமல் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெய்ரூட்டில் சரியான தங்கத்திலேயே போலிப் பவுன் அடித்தார்கள். கல்லில் இழுத்தால் அதுவும் நல்ல மாற்றுத்தான் காட்டும். பொன்னா என்று தெரிய வேண்டுமானால் வெளியே ஒருமுறை நிறுத்துவிட்டு, நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். குறையும் எடையிலிருந்து அது நீரைவிட எத்தனை மடங்கு பாரம் என்று தெரியும். சுத்தத் தங்கம் நீரைவிட 19.3 மடங்கு பாரம், வெள்ளி 10.5 மடங்குதான். ஒரு கீறலும் விழாது. காசு உண்மையானதா என்று தெரிய வேண்டுமானால் கண்ணால் பாருங்கள். ஓரத்தில் வார்ப்பின் பொருத்துக்கோடு ஓடுகிறதா, பரப்பில் காற்றுக்குமிழியின் குழி இருக்கிறதா, எழுத்தின் விளிம்பு மழுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். பழைய அழுக்கைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பவர் ஒதுக்கிவிடுவார்.

"பணக் கஷ்டத்தில் இருப்பவருக்கு வரலாறு எதற்கு?" என்றும் ஒரு கேள்வி. கஷ்டப்பட்டவருக்குத்தானே ஐயா முழு விலை கிடைக்க வேண்டும்! இதற்கு மேல் இதற்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

என்னை மிகவும் நோகடித்தது வேறொன்று. "நீங்களே மலிவாக வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்த்தீர்கள், கைநழுவிப் போன ஆத்திரம்" என்று எழுதிவிட்டார்கள். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் இந்த நாட்டில் தொல்பொருள். 1940ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. இதை இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்? பதினாறு வருடமாக நாணயத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒருவரிடமாவது ஒரு காசு வாங்கியிருக்கிறேன் என்று யாராவது சொல்லட்டும்.

உரைகல்லைப் பழிக்கிறேன் என்று நகைத் தொழிலாளர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கல்லில்தான் நான் சோறு சாப்பிட்டு வளர்ந்தேன். என் அப்பா அதே தெருவில், மேல்மாடியில் இருந்த பட்டறையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தார். 1979இல் ஒருவர் தாலிக்கொடி செய்வதற்காகப் பழைய காசு ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டறை முதலாளி உருக்கச் சொன்னார். அப்பா உருக்கினார். ஆனால் மூசையில் போடுவதற்கு முன்னால், சேதாரக் கணக்கு எழுதும் கொப்பியின் ஓரத்தில் அதைப் பென்சிலால் வரைந்து வைத்தார். நின்ற உருவம், அமர்ந்த உருவம், பக்கத்தில் தெரியாத எழுத்துகள். வாசிக்கத் தெரியாததால் கோடு கோடாகப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறார்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது அவர் என்னைக் கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்குக் கூட்டிப்போனார். ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றவர் நகரவேயில்லை. "இதுதான்" என்றார். வீடு வரும்வரை பஸ்ஸில் வேறொரு வார்த்தை பேசவில்லை. அவர் சாகும்வரை அந்தக் கொப்பி அலுமாரியில் வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. அவருக்குச் சொல்லிக்கொடுக்க அன்று யாரும் இருக்கவில்லை. இன்று பூதக்கண்ணாடி இருக்கிறது, கைபேசியில் கமரா இருக்கிறது, கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் நூதனசாலை இருக்கிறது. செட்டியார் தெருவிலிருந்து நடந்தே போகலாம். அந்த நகைக்கடை முதலாளி ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

அந்த அம்மா காசை விற்கவில்லை. நேற்று தொலைபேசியில், "தம்பி, எழுத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது அம்மா என்றேன். வெட்டுப்பட்டபடியே, துடைக்காமல், அதே பட்டுத் துணியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை மத்திய வங்கியின் நூதனசாலைக்கு அவரோடு போகிறேன். அப்பாவின் கொப்பியையும் எடுத்துப்போகிறேன்.