அந்தச் சால்வை எதன் குறியீடு?

நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு கதை படிக்கிறோம். போன மாதம் அமெரிக்க யூத எழுத்தாளர் சிந்தியா ஓசிக்கின் 'தி ஷால்'. 1980இல் நியூயார்க்கர் இதழில் வந்தது, சில பக்கங்கள்தான். பேச உட்கார்ந்ததும் வந்த முதல் கேள்வி: "அந்தச் சால்வை எதன் குறியீடு?" யூதர்கள் பிரார்த்தனையின்போது போர்த்திக்கொள்ளும் தாலித் என்றார் ஒருவர். கருப்பை என்றார் இன்னொருவர். தொலைந்துபோன தாய்நாடு என்றும் ஒரு பதில் வந்தது. அன்று நான் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாஜி முகாமை நோக்கி நடக்கும் ரோசா, தன் கைக்குழந்தை மக்டாவைச் சால்வைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். மார்பில் பால் வற்றிவிட்டது. குழந்தை சால்வையின் முனையைச் சப்பியே உயிர் பிழைத்திருக்கிறது. மூன்று பகலும் மூன்று இரவும் பசியாற்றக்கூடிய துணி அது என்கிறது கதை. முகாமில் ஒருநாள் குளிர் தாங்காமல் ஸ்டெல்லா என்ற சிறுமி அதை எடுத்துப் போர்த்திக்கொள்கிறாள். சால்வையைத் தேடி மக்டா தத்தித் தத்தி வெட்டவெளிக்கு வந்துவிடுகிறாள். காவலன் அவளைத் தூக்கி மின்வேலியில் எறிகிறான். கத்தினால் ரோசாவையும் சுட்டுவிடுவார்கள். அவள் சால்வையை வாய்க்குள் திணித்துக்கொள்கிறாள். லவங்கப்பட்டையும் பாதாமும் கலந்ததுபோல் குழந்தையின் எச்சில் அதில் ருசிக்கிறது.

ஒரே துணி குழந்தையை மறைக்கிறது, பால் கொடுக்கிறது, கடைசியில் ஒரு தாயின் அலறலை அடைக்கிறது. இதையெல்லாம் கண்ணால் பார்ப்பதற்குள் "இது இன்னதன் குறியீடு" என்று சீட்டு ஒட்டிவிட்டால், அந்த எச்சிலின் ருசி நம்மை எட்டவே எட்டாது. எனக்கு வருத்தம் அங்கேதான்.

தாலித் என்று சொன்ன நண்பரை நான் மறுக்கவில்லை. கதை எங்கும் அப்படிச் சொல்வதில்லை, ஆனால் யூத வாசகர் பலருக்கு அது நினைவுக்கு வரத்தான் செய்யும். சரி, தாலித் என்பதுதான் என்ன? நான்கு மூலையிலும் தொங்கல் வைத்த துணி. அந்தத் தொங்கல்களைப் பார்த்துக் கட்டளைகளை நினைத்துக்கொள், கண்ணும் மனசும் இழுக்கிற பக்கமெல்லாம் போகாதே என்கிறது பைபிளின் எண்ணாகமம் 15ஆம் அதிகாரம். இறந்தவரை அதில் போர்த்திப் புதைக்கும்போது ஒரு தொங்கலை அறுத்துவிடுவது வழக்கம், இனி கட்டளைகளைச் செய்யும் பொறுப்பு அவருக்கு இல்லையே! அதாவது அந்த மரபில் தாலித்துக்கு அர்த்தம் இருப்பதைப்போலவே வேலையும் இருக்கிறது. யூதக் கதைகளில் மதப்பொருள் வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இந்த வேலையைத்தான்.

ஓசிக்கின் இன்னொரு கதையான 'தி பேகன் ரபி'யில் தாலித் பெயர் சொல்லியே வருகிறது. ஐசக் கார்ன்ஃபெல்ட் பெரும் படிப்பாளி, யூதகுரு. மரங்களின் மேல் மோகம் கொண்டு, ஒரு வன தேவதையைக் காதலித்து, பூங்காவில் ஒரு மரத்தில் தன் தாலித்தாலேயே தூக்கிட்டுக்கொள்கிறார். கண் போன பக்கம் போகாதே என்று நினைவூட்டவேண்டிய துணி கழுத்தை இறுக்குகிறது. இதற்கு விளக்கவுரை வேண்டுமா?

அந்த ஐசக்கின் மனைவி ஷெயிண்டெல் ஒரு முகாமில் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது அவளை மின்வேலியில் எறியப் போன நேரத்தில் ஒரு படை வாசலுக்கு வந்துவிடுகிறது, கம்பியில் மின்சாரம் நின்றுபோகிறது, கன்னத்தில் ஒரு கீறலோடு தப்புகிறாள். இந்தக் கதை இடம்பெற்ற தொகுப்பு வந்தது 1971இல். ஒன்பது வருடம் கழித்து அதே எழுத்தாளர் திரும்பவும் ஒரு குழந்தையை அதே வேலிக்குக் கொண்டுவருகிறார். இந்த முறை மின்சாரம் நிற்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. "தோராவைச் சுற்றி வேலி போடுங்கள்" என்பது யூத முன்னோர் வாக்கு; தோரா என்பது யூதர்களின் வேதம். அதோடு இந்த வேலியை முடிச்சுப் போட்டுப் பேசலாம், தப்பில்லை. அந்தக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்பதை மறந்துவிட்டுப் பேசாதீர்கள்.

அப்புறம், குறியீட்டைப் பற்றி ஓசிக்குக்கே ஒரு பயம் உண்டு. விக்கிரகம் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. இலக்கியமே விக்கிரகமாகிவிடக்கூடும் என்று கவலைப்பட்டுக் கட்டுரை எழுதியவர் அவர். 'தி ஷால்' கதையின் தொடர்ச்சியான 'ரோசா'வைப் படித்தால் அந்தப் பயம் புரியும். (இரண்டும் 1989இல் ஒரே புத்தகமாக வந்தன. ஒன்றை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள்.) வருடங்கள் கழித்து ரோசா மயாமியில் தனியாக இருக்கிறாள். ஸ்டெல்லா சால்வையைத் தபாலில் அனுப்புகிறாள், கூடவே கண்டித்து ஒரு கடிதம்: இயேசுவின் சிலுவைத் துண்டு என்று நம்பி ஒரு மரத்துண்டைக் கும்பிட்டார்களே, அந்தக் காலத்து ஜனங்களைப்போல நீயும் இதைக் கும்பிடுகிறாய் என்று. பெட்டியைத் திறந்தால் சால்வை நிறம்போய், பழைய கட்டுத்துணிபோலக் கிடக்கிறது. மக்டா உடனே வரவில்லை.

பிறகு வருகிறாள். ரோசா சால்வையைத் தொலைபேசியின் மேல் போடுகிறாள், அது ஒரு சின்ன பொம்மையின் தலைபோலத் தெரிகிறது. மகளிடம் பேசிக்கொண்டே இருக்கிறாள். தொலைபேசி மணி அடிக்கிறது. வார்சாவில் பிறந்த பெர்ஸ்கி என்ற முதியவர் அவளைப் பார்க்க வந்து கீழே காத்திருக்கிறார். மேலே வரச் சொல்லுங்கள் என்கிறாள். தொலைபேசி மேலிருந்து சால்வையை எடுக்கிறாள். மக்டா அங்கே இல்லை.