வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் பிரேக்குக்கு மாற்று அல்ல

"வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மாட்டினால் வண்டி எவ்வளவும் இழுக்கும், டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டாம்" என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டும் தவறு, இரண்டாவது ஆபத்தும்கூட. இந்த ஹிட்ச் என்பது டிரெய்லரை வண்டியோடு இணைத்து, இணைப்பில் இறங்கும் சுமையை அச்சுகளுக்குப் பகிரும் அமைப்பு.

குழப்பம் ரிசீவர் (வண்டியின் பின்னால் ஹிட்ச் செருகும் குழாய்) ஸ்டிக்கரிலிருந்து வந்திருக்கலாம். அதில் இந்த ஹிட்ச் இல்லாமல் ஒரு எடை, இருந்தால் கூடுதலாக ஒரு எடை என்று போட்டிருக்கும். அது ரிசீவரின் வரம்பு மட்டுமே. வண்டி, ரிசீவர், அதில் செருகும் மவுன்ட், அதன் மேலுள்ள உருண்டையான பால் (ball), அதைப் பற்றும் டிரெய்லரின் கப்ளர் ஆகியவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

பாலின் மேல் இறங்கும் சுமையில் ஒரு பங்கை இந்த ஹிட்ச்சின் ஸ்பிரிங் பார்கள் (வளையும் கம்பிகள்) வண்டியின் முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடும், அவ்வளவுதான். நிறுத்த வேண்டிய எடை ஒரு கிலோகூடக் குறையாது. 2,500 கிலோ டிரெய்லருக்குப் பாலின் மேல் இறங்கும் சுமை அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 250 முதல் 375 கிலோ இருக்கட்டும். குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்.

டிரெய்லரில் இருப்பது எலெக்ட்ரிக் பிரேக் என்றால், நீங்கள் எவ்வளவு பலமாக பிரேக் போடுகிறீர்களோ அதற்கேற்பப் பிடிக்கும் ப்ரொபோர்ஷனல் கன்ட்ரோலரே நல்லது. காய்ந்த, சமமான, ஆளில்லாத சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கன்ட்ரோலரின் கை நெம்புகோலை மட்டும் முழுதாக அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் சுழலாமல் தேய்ந்துகொண்டு வந்தால் கெயினை (டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் பலத்தின் அளவை) கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தேய்ப்பு நிற்கும் இடமே சரியான அளவு.

டிரெய்லர் கழன்றால் தானே அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கேபிளைப் பால் மவுன்டில் கொக்கி போடாதீர்கள். மவுன்ட் ரிசீவரிலிருந்து உருவிக்கொண்டால் கேபிளும் கூடவே போகும், பிரேக்அவே சுவிட்சின் பின் (pin) இழுபடாது, பிரேக் பிடிக்காது. வண்டியோடு நிலையாக இணைந்த பாகத்தில் மாட்டுங்கள்.